பெண்ணைப் பெற்றவனுக்குப் பயம் ஏன்?

மதுரை நகரில் ஒரு வாலிபனுக்கு முதற்குழந்தை பெண்ணாகப் பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பழமும் கற்கண்டும் கொண்டு வருகிறார்கள். கூடவே ஆளுக்கொரு பயத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். "இன்றையிலிருந்து கையைக் குறுக்கிக்கொள், தம்பி" என்கிறார் பெரியப்பா. "மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டாய், இனி உனக்குத் தூக்கம் ஏது?" என்கிறார் எதிர் வீட்டுக்காரர். ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழியை ஒருவர் எடுத்து விடுகிறார். ஒன்றுதானே பிறந்திருக்கிறது என்று மற்றொருவர் சமாதானம் கூறுகிறார். பழமொழியைக் காட்டிலும் அந்தச் சமாதானம் கொடுமையானது. நகைக் கடையிலிருந்து மாதச் சீட்டுக்கு ஆள் பிடிப்பவர் தேடி வந்து விடுகிறார். போதாததற்குக் கைப்பேசியில், எந்த ஊர், எந்த வருஷம் என்ற அடையாளமே இல்லாத திகில் செய்திகள் நாளுக்கு நான்கு வந்து விழுகின்றன. குழந்தை இன்னும் முகம் பார்க்கக்கூடத் தொடங்கவில்லை. அதற்குள் அதன் தகப்பன் அதைக் கண்டு நடுங்கக் கற்றுக்கொண்டு விடுகிறான்.

உபதேசம் செய்கிறவர்கள் தீயவர்கள் என்று நாம் கூறவில்லை. அவர்களுக்குப் பெண் பிறந்த காலத்தில் அவர்களிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால், மூன்று தலைமுறையாக ஒரு மருந்தைக் கொடுத்து வந்திருக்கிறோமென்றால், அதைச் சாப்பிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு தடவையாவது விசாரிக்க வேண்டாமா? விசாரிப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து தேனி ரஸ்தாவில் மேற்கே சுமார் 40 கிலோ மீட்டர் சென்றால் போதும்.

உசிலம்பட்டியின் பெயர் 1985, 1986-ம் வருஷங்களில் தேசமெங்கும் பரவிற்று. எந்த ஊரும் விரும்பாத கீர்த்தி அது. முதலில் தமிழ்ப் பத்திரிகையிலும், பிறகு 1986 ஜூன் மாதத்தில் 'இந்தியா டுடே' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் முகப்புக் கட்டுரையிலும், அந்தத் தாலுகாவின் கிராமங்களில் பெண் சிசுக்கள் பிறந்த சில தினங்களுக்குள் கொல்லப்படும் செய்தி அம்பலமாயிற்று. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-ல் 'கருத்தம்மா' என்ற படத்தில் இந்த விஷயத்தைக் காட்டினார். அதற்கு சர்க்காரின் தேசிய விருதும் கிடைத்தது. பட்டணத்து ஜனங்கள் அதைக் கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, உசிலம்பட்டிக்காரர்கள் கல்நெஞ்சர்கள் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கல்நெஞ்சன் காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டான். உசிலம்பட்டிக் கிராமங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. அதுவும் ஒரே காரணம். இவளுக்குக் காது குத்த வேண்டும், சடங்கு செய்ய வேண்டும், பவுன் சேர்க்க வேண்டும், வரதட்சிணை கொடுக்க வேண்டும், தலைப் பிரசவம் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் என்னிடம் வழியில்லை. வழியில்லாதவன் வீட்டுப் பெண் போன இடத்தில் படப்போகும் பாட்டைப் பார்ப்பதைவிட இப்போதே போய்விடட்டும் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். நேயர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மதுரையில் பெரியப்பா கற்கண்டுடன் கொண்டுவந்து கொடுத்த அதே பயந்தான் இது. செலவைப் பற்றிய பயம், பெண் படப்போகும் துன்பத்தைப் பற்றிய பயம், ஊர் வாயைப் பற்றிய பயம். அங்கே கையில் காசில்லாத இடத்தில் அந்தப் பயம் தன் கடைசி எல்லை வரை போய்விட்டது. கோர்ட்டுக் கூண்டில் தாய்மார்களும் ஏற்றப்பட்டார்கள். கொடுத்த கை தாயினுடையதாகவோ பாட்டியினுடையதாகவோ இருக்கலாம். ஆனால் வீட்டின் வரவு செலவைத் தீர்மானிக்கிறவனும், மூன்றாவது பெண்ணோடு வந்தால் வாசலில் ஏறாதே என்று சொல்லக் கூடியவனும் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது அந்தப் பிரதேசத்தின் ஆதி வழக்கம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அது சரித்திரத்தோடு பொருந்துவதாயில்லை. முற்காலத்தில் அங்கே மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் கேட்டார்கள். பெண் வேலை செய்யும் கை, அவளை அனுப்புகிற வீட்டுக்கு நஷ்டம் என்பது அன்றைய கணக்கு. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்ட பிறகு, திருமங்கலம் கால்வாய் வழியாகத் தாலுகாவின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கிடைத்தது. மறு பகுதி வானம் பார்த்த பூமியாகவே நின்றது. தண்ணீர் பாய்ந்த பக்கத்தில் நெல்லும் கரும்பும் பணமும் வந்தன. பையன்கள் படித்து உத்தியோகத்துக்குப் போனார்கள். உத்தியோகத்துக்கு ஒரு விலை ஏற்பட்டது. பரிசம் தலைகீழாகத் திரும்பி வரதட்சிணையாயிற்று. தண்ணீர் பாயாத பக்கத்திலிருந்தவனும் அந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியாளர் பலர் இவ்வாறு எழுதியிருக்கிறார்கள். நாமும் அதையே நம்புகிறோம். ஆகவே, பெண்ணைப் பெற்றவனின் பயம் என்பது மனு காலத்திலிருந்து வந்த சொத்தன்று. பாட்டன் காலத்தில் இல்லாதது பேரன் காலத்தில் முளைத்தது. முளைத்த வருஷத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்றால், அதைப் பிடுங்க முடியாது என்று யாரும் கைவிரிக்க வேண்டியதில்லை.

சர்க்கார் என்ன செய்தது? 1992-ம் வருஷம், அப்போது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதாவின் சர்க்கார் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி ஜில்லாக்களுக்கும் அது வந்தது. வேண்டாதவர்கள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம், ஒரு கேள்வியும் கிடையாது என்பது ஏற்பாடு. ஓர் உயிரைக் காப்பாற்றுகிற எந்த ஏற்பாட்டையும் நாம் குறை கூறத் தயாரில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்தத் தொட்டில் தகப்பனின் பயத்தை மறுக்கவில்லை. நீ பயப்படுவது நியாயந்தான், சுமையை இங்கே இறக்கிவிட்டுப் போ என்று அவனுக்குச் சொல்லிற்று.

உசிலம்பட்டியைத் திட்டிய பட்டணங்களின் யோக்கியதையையும் பார்த்து விடலாம். கிராமத்தில் கள்ளிப்பால் என்றால், நகரத்தில் ஸ்கேன் இயந்திரம். கருவிலிருப்பது பெண் என்று தெரிந்துகொண்டு கலைத்துவிடுகிற வித்தை படித்தவர்களிடையே பரவி, அதைத் தடுக்க 1994-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ஜனத்தொகைக் கணக்கு யாருக்கும் தாட்சண்யம் காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு, 1961-ல் 985 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1991-ல் 948 பேர். 2001-ல் 942 பேர். 2011-ல் 943 பேர். அந்தக் கடைசி எண்ணில் ஒன்று கூடியிருப்பதைக் கண்டு சந்தோஷப்படுகிறவர்கள் படட்டும். ஐம்பது வருஷத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகின, ஆஸ்பத்திரிகள் பெருகின, படிப்பு பெருகிற்று. ஆயிரத்துக்கு நாற்பது பெண்கள் கணக்கிலிருந்து குறைந்து போனார்கள். கல்வி மட்டும் பயத்தைப் போக்கிவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, பெண்ணை உயிரோடு வளர்க்கிறவர்களின் கதைக்கு வருவோம். நமது நேயர்களில் பெரும்பாலோர் இந்த வகுப்பினரே. இவர்களுக்குக் கிடைக்கும் முதல் உபதேசம், காலாகாலத்தில் தள்ளி விட்டுவிடு என்பது. 'தள்ளி விடு' என்ற அந்தச் சொல்லை யாரும் கூசாமல் உபயோகிக்கிறார்கள். இந்தப் பயத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது ஆகுமுன் மணம் செய்யலாகாது என்ற சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. இடையில் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் தேசமெங்கும் நடந்தது என்ன? சட்டம் வருமுன் முடித்துவிட வேண்டுமென்று குழந்தைகளுக்குக் கூட்டங் கூட்டமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சட்டசபையில் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர்களில் நம் சென்னை மாகாணத்து எம். கே. ஆசாரியார் முக்கியமானவர். அவரும் தேசியவாதிதான் என்பதைத் தேசியவாதிகளாகிய நாம் மறந்துவிடலாகாது. வெள்ளைக்காரனிடம் பயமற்றிருந்தவர்களில் பலர், பன்னிரண்டு வயதுப் பெண் கல்யாணமில்லாமல் வீட்டில் இருப்பதைக் கண்டு பயந்தார்கள்.

இப்போது பெண்ணுக்குச் சட்டப்படி வயது 18. குழந்தை மணத்தைத் தடுக்கும் கடைசிச் சட்டம் 2006-ல் செய்யப்பட்டது. பயமோ இன்னும் அப்படியே இருக்கிறது. பெண் பத்தாவது முடித்தவுடன், பஸ்ஸில் போய் வருகிறாளே, யாருடனாவது பேசிவிட்டால் என்ன செய்வது என்று தகப்பன் கலங்குகிறான். கலங்கினவன் முறை மாப்பிள்ளையைத் தேடுகிறான். படிப்பு நிற்கிறது. கையில் தொழிலில்லாமல் புக்ககம் போகிற பெண், அங்கே அடித்தால் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியவளாகிறாள். திரும்பி வந்தாலும் சோற்றுக்குத் தகப்பனைத்தான் பார்க்க வேண்டும். அவனோ ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, பொறுத்துக்கொள் அம்மா என்று மறுநாளே திருப்பி அனுப்பி வைக்கிறான். வரதட்சிணையைத் தடை செய்யும் சட்டம் 1961-ல் வந்தது. மணமாகி ஏழு வருஷத்துக்குள் வரதட்சிணைக் கொடுமையால் பெண் இறந்தால் அது தனிக் குற்றம் என்று 1986-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு 2022-ம் வருஷத்தில் மட்டும் இவ்வகையில் மாண்ட பெண்கள் தேச முழுவதும் ஆறாயிரத்துக்கு மேல். இவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன்பே ஒரு முறையாவது பிறந்த வீட்டுக்கு ஓடி வந்திருப்பார்கள் என்பதை வக்கீல் தொழிலில் பழகிய எவரும் ஊகிக்க முடியும்.

சீட்டுக் கட்டிப் பவுன் சேர்க்கிற தகப்பன் தன் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைக்கிறான். அவன் சேர்த்த நூறு பவுன், அடுத்த வீட்டுக்காரன் பெண்ணுக்கு எண்பது பவுன் போதாது என்று ஆக்குகிறது. சேமிப்பை நாம் குறை கூறவில்லை. தபாலாபீஸில் 2015-லிருந்து நடந்து வரும் செல்வமகள் திட்டத்தில் போடுகிற பணத்தைப் பெண்ணின் மேற்படிப்புக்கு எடுக்க விதி இருக்கிறது. அதைப் படிப்புக்கு எடுப்பதா, பந்தலுக்கு எடுப்பதா என்பதைத் தகப்பனின் பயம் தீர்மானிக்கிறதா, புத்தி தீர்மானிக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது உபதேசம் இன்னும் மோசமானது. வெளியே விடாதே, எவனையும் நம்பாதே, உலகம் கெட்டுக் கிடக்கிறது என்பது அது. உலகத்தில் கெட்டவர்கள் இல்லையென்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கோட்டையைக் காக்கிறவன் எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பதை முதலில் அறிய வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடுகிற அறிக்கைகளைப் பாருங்கள். பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், குடும்ப சிநேகிதன், அண்டை வீட்டான், படிப்புச் சொல்லிக் கொடுக்க வந்தவன், வேலை கொடுத்தவன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற தகப்பன் அநேக சமயங்களில் திருடனை உள்ளே வைத்துத்தான் தாழ்ப்பாள் போடுகிறான்.

அதோடு முடியவில்லை. பயத்தில் வளர்ந்த குழந்தை எதைக் கற்றுக்கொள்ளுகிறது? அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்து விடுவார் என்பதைக் கற்றுக்கொள்ளுகிறது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி விடுவார், அம்மாவை அடிப்பார், மானம் போயிற்று என்று தூக்குப் போட்டுக்கொள்வதாக மிரட்டுவார் என்று அதற்குத் தெரியும். ஆகவே, தீங்கு நேர்ந்தபோது அது வாயைத் திறப்பதில்லை. தீங்கு செய்தவனுக்கும் இது நன்றாகத் தெரியும். உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று அவனே குழந்தையை மிரட்டுகிறான். தகப்பனின் கோபம் என்ற வேலி, குழந்தையைக் கெடுத்தவனுக்குக் காவலாக நிற்கிறது. 2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கப் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, முடிந்தவரை ஒரு பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டுமென்று அதில் விதித்திருக்கிறது. 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி இருக்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் குழந்தை முதலில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னாலல்லவா சட்டம் அசையும்? அந்த முதல் வார்த்தையைத் தகப்பனிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை எந்தப் பார்லிமெண்டும் கொடுக்க முடியாது.

எச்சரிக்கை வேறு, பயம் வேறு. எச்சரிக்கையுள்ள தகப்பன் தன் பெண்ணுக்கு அவளுடைய உடம்பின் பாகங்களைப் பெயர் சொல்லக் கற்றுக் கொடுப்பான். தாத்தாவானாலும் மாமாவானாலும் வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டென்று தெரிவிப்பான். அவள் சொன்னதை முதலில் நம்புவான். நம்பின பிறகு அவளைக் கோபிக்க மாட்டான். பயந்த தகப்பன் இவற்றில் ஒன்றையும் செய்யமாட்டான். அவன் ஜன்னலுக்குக் கம்பி போடுவான். நமக்குத் தெரிந்த வரையில், குடும்பப் பெருமைக்காகப் பெற்ற பெண்ணை வெட்டிச் சாய்க்கிற காரியமும் இந்தப் பயத்தின் வம்சத்தைச் சேர்ந்ததே. நம் ஜில்லாவும் அதற்கு விலக்கல்ல. பிறந்த மூன்றாம் நாளில் கொல்லுகிறதும் இருபதாம் வயதில் கொல்லுகிறதும் ஊர் என்ன சொல்லும் என்ற ஒரே கேள்விக்குச் சொல்லப்படுகிற பதில்கள்.

வேறு மாதிரி நடந்துகொண்ட தகப்பன்மார் நம் நாட்டில் இல்லாமலில்லை. மதுரையில் பஸ் தொழிலைப் பெரிதாக வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணமாகி, வாலிபத்திலேயே கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி அந்தப் பெண்ணை வீட்டின் பின்கட்டில் அடைத்திருக்கலாம்; கேட்பார் ஒருவருமில்லை. அவரோ டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்கு வைத்தியம் படிக்கப் போனார். மதுரைக்கும் டில்லிக்கும் இடையிலுள்ள தூரத்தை அக்காலத்து ரயிலில் எண்ணிப் பாருங்கள். 1936-ல் டாக்டராகி வெளிவந்தார். சக மாணவியாயிருந்த சுசீலா நய்யார் மூலமாகக் காந்தியடிகளின் பழக்கம் ஏற்பட்டது. ஜி. ராமச்சந்திரனை அவர் மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது அதே பெற்றோர் கலங்கி எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு அந்தக் கல்யாணம் நடந்தது. 1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே அவர்கள் இருவரும் தொடங்கிய காந்திகிராமத்தையும், அதன் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியையும் அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. அவர் பின்னர் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் மத்திய உப மந்திரியாகவும் இருந்தார். சுந்தரம் ஐயங்கார் பயமே அறியாதவராக இருந்தாரென்று நாம் எண்ணவில்லை. பயந்தும் அனுப்பினார்.

பதினோரு வயதில் விதவையான மகளைப் படிக்க வைத்து, 1911-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியிலிருந்து பட்டதாரியாக வெளிவரச் செய்தவர் சகோதரி சுப்பலட்சுமியின் தகப்பனார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியும், பின்வாங்காமல் சேர்ந்து படித்து, 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1927-ல் சென்னை சட்டசபையின் உபதலைவரானவர் முத்துலட்சுமி ரெட்டி. இவர்களெல்லாம் வசதியுள்ள வீட்டார் என்று சிலர் கூறலாம். அப்படியானால் அதே புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் நடந்ததைப் பாருங்கள். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். முதலில் கேலி பேசினார்கள். குடும்ப மானம் போகும் என்றார்கள். பல்லாயிரம் பெண்கள் ஓட்டிப் பழகின பிறகு கேலி பேசியவர்களே பின்னால் குடத்தை வைத்துக் கொடுத்தார்கள். பிற்பாடு சர்க்காரே பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிற்று. மானம் எங்கும் போகவில்லை. தண்ணீர்தான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தது.

தேச ஊழியர்களான நமது நேயர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பாரதியார் 1904-ல் சில மாத காலம் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராயிருந்தார் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. அவருக்குப் பிறந்தவை இரண்டும் பெண்களே. அவருடைய அச்சமின்மைப் பாட்டைப் பாடாத கூட்டம் நம் ஊரில் இல்லை. மேடையில் அதைத் தொண்டை கிழியப் பாடிவிட்டு, இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, "மாடியில் என்ன வேலை, கீழே இறங்கு" என்று பெண்ணை அதட்டுகிற தலைவர்களை நாம் அறிவோம், நேயர்களும் அறிவார்கள். கீதையின் பதினாறாவது அத்தியாயத்தில் தெய்வ சம்பத்துக்களைச் சொல்லிக்கொண்டு போகையில் அபயத்தையே முதலில் வைத்திருக்கிறது என்பதைக் காந்தியடிகள் எத்தனையோ தடவை எடுத்துக் காட்டினார். அபயம் என்பது ஆண்களுக்கு மட்டும் வைத்த பதார்த்தமென்று அங்கே எழுதியிருக்கவில்லை. 1939-ம் வருஷம் ஜூலை 8-ம் தேதி வக்கீல் வைத்தியநாதையர் ஹரிஜனங்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தால் மேற்கொண்டு ஓர் அடி வைத்திருக்க முடியாது. ஊருக்குப் பயப்படாமல் செய்த காரியங்களால்தான் இந்நகரத்துக்கு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

புதிதாகத் தகப்பனாகியிருக்கிற வாலிபன் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு, வக்கீல் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ந் தேதியிலிருந்தே, அன்று வரை மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குப் பிதுரார்ஜித சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9-ந் தேதியிலிருந்து தேச முழுவதும் அதுவே சட்டம்; மணமானவளா, மணமாகாதவளா என்ற பேதமும் நீங்கிற்று. பிறப்பினாலேயே அவள் பங்காளி, அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. ஆக, இன்று ஆஸ்பத்திரியில் பிறக்கிற பெண், தகப்பனுக்குச் சுமையாக வரவில்லை. குடும்பச் சொத்தில் ஒரு பங்காளியாக வருகிறாள்.

நடைமுறை என்ன? கல்யாணம் முடிந்த சில வருஷத்தில், சீர் செய்தாயிற்று, பவுன் போட்டாயிற்று என்று சொல்லி, பெண்ணைப் பதிவாளர் ஆபீஸுக்கு அழைத்து வந்து, அண்ணன் தம்பிகள் பேருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும் என்று அவள் பயப்படுகிறாள். குழந்தையாயிருந்தபோது தகப்பனிடமிருந்த பயம் இப்படியாக முப்பது வருஷத்தில் மகளிடம் வந்து சேருகிறது. பவுன் என்பது புக்ககத்தார் பூட்டி வைத்துக் கொள்ளுகிற பொருள். அதிகமானால் அடகுக் கடைக்குப் போகிற பொருள். பத்து சென்டு நிலமானாலும் அவள் பெயரில் பட்டா இருந்தால், அவளை வாசலுக்கு வெளியே தள்ள நினைக்கிற கணவன் இரண்டு முறை யோசிப்பான். பந்தலுக்கும் மேளத்துக்கும் பவுனுக்கும் வைத்திருக்கிற பணத்தில் பாதியைப் படிப்பிலும், மீதியை அவள் பேரில் நிலத்திலோ வீட்டிலோ போடுகிற தகப்பன் பெரியப்பாவின் உபதேசத்துக்கு வேறு பதில் சொல்ல வேண்டியதில்லை.

நமது நேயர்களிலும் நண்பர்களிலும் வக்கீல்கள், பத்திரம் எழுதுகிறவர்கள் அநேகர் இருக்கிறார்கள். மகளை அழைத்துக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுத வருகிற தகப்பனாரிடம், பையனுக்கும் இதே மாதிரி ஒரு பத்திரம் எழுத வேண்டுமா என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முத்திரைத் தாள் வாங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது.